காலுக்கு ஊசி, முகத்துக்கு லேசர்: ஸ்பைடர் வெயின் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இது என் வலது தொடையின் வெளிப்பக்கம். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே சிவப்பும் ஊதாவுமாகக் கிளை பிரிந்து ஓடுகிறதே, அதுதான் ஸ்பைடர் வெயின், தோலுக்கு அடியில் விரிந்துபோன மெல்லிய ரத்தக் குழாய். ஒவ்வொரு கோடும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். பக்கத்திலேயே பச்சை கலந்த நீலத்தில் சற்றுத் தடிமனாக ஒன்று போகிறது, தெரிகிறதா? அது ரெட்டிகுலர் வெயின், 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதையும் தாண்டிப் புடைத்துக்கொண்டு நின்றால் வெரிகோஸ்.

இந்த நீலக் குழாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே தெரிகிற சிவப்புக் கோடுகளுக்குப் பல நேரம் ரத்தம் வருவது இதிலிருந்துதான். கோட்டை மட்டும் அழித்துவிட்டு, ஊட்டுகிற குழாயை அப்படியே விட்டால் அதே இடத்தில் மறுபடி கிளம்பலாம். அதனால் கால் விஷயத்தில் எந்த மெஷின், எந்த மருந்து என்பதெல்லாம் அப்புறம். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற டாக்டரா என்பதுதான் முதல் கேள்வி.

இதற்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டுமா? வேண்டாம். வலி இல்லை, வீக்கம் இல்லை, பார்க்கவும் உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது. பரம்பரை, பிரசவம், ஹார்மோன், வயது, நாள் முழுக்க நின்று செய்கிற வேலை என்று காரணங்கள் பல. கர்ப்ப காலத்தில் வந்தவை குழந்தை பிறந்த சில மாதங்களில் தானாகவே மங்குவதுண்டு. அந்த நேரத்தில் ஊசியும் போடமாட்டார்கள், பொறுத்திருப்பதுதான் சரி.

ஆனால் சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, தோல் பழுப்பாக மாறுகிறது என்றால் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம். இன்னொரு இடமும் முக்கியம். கணுக்காலின் உள்பக்கம், பாதம் தொடங்குகிற இடத்தில், விசிறி விரித்த மாதிரி மெல்லிய ரத்தக் குழாய்கள் கூட்டமாகத் தெரிந்தால், உள்ளே பெரிய குழாயில் வால்வு பழுதாகி ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இவர்களுக்கு முதலில் டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற ஸ்கேன். பழுது இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் மேலே உள்ள கோடுகளைத் தொடுவார்கள்.

சரி, கால் சிகிச்சைக்கு வருவோம். ஸ்கிளிரோதெரபி, அதாவது ஊசி. எத்தனையோ லேசர் வந்த பிறகும் காலுக்கு டாக்டர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். என் காலில் செய்ததும் இதுதான், அதனால் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஊசி அவ்வளவு மெலிசு, 30 கேஜ் அல்லது அதைவிடச் சன்னம். ரத்தம் எடுக்கிற ஊசியை மனத்தில் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். டாக்டர் தோலை இழுத்துப் பிடித்து, கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் ஊசியை நுழைத்து, மருந்தை மிக மெதுவாக விடுகிறார். மருந்து ஓட ஓட ரத்தம் விலகி, சிவப்புக் கோடு கண்முன்னே காணாமல் போகிறது! ஆகா, வேலை முடிந்தது என்று தோன்றும். இல்லை. சற்று நேரத்தில் ரத்தம் திரும்பி வந்து, அந்த இடமே கொசுக்கடி போலத் தடித்துச் சிவக்கும், அரிக்கும். அது இயல்புதான்.

மருந்து செய்கிற வேலை என்னவென்றால், குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குவது. சுவர்கள் ஒட்டிக்கொண்டு, குழாய் மூடி, உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். போலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் இரண்டும் அதிகம் பயன்படுகிற மருந்துகள். போலிடோகனாலை முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத்தான் உருவாக்கினார்கள், அதனால் எரிச்சல் குறைவு. அமெரிக்காவில் இதற்கு 2010இல் அனுமதி கிடைத்தது. சில இடங்களில் அடர்த்தியான உப்புக் கரைசலும் போடுவார்கள். அது நன்றாகவே எரியும், தசையும் பிடித்துக்கொள்ளும்.

முடிந்ததும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கிற நீளமான காலுறை, மாட்டிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நடக்கச் சொல்வார்கள். அதன் பிறகு எத்தனை நாள் போட வேண்டும் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், சில நாளிலிருந்து 3 வாரம் வரை. வெந்நீர்த் தொட்டி, கடும் உடற்பயிற்சி, நீண்ட விமானப் பயணம், காலில் நேரடி வெயில் இவையெல்லாம் சில நாளைக்கு வேண்டாம். பலன் உடனே தெரியாது. மெல்லிய கோடுகள் மங்க 3 முதல் 6 வாரம், தடித்தவை என்றால் 3, 4 மாதம். பெரும்பாலும் ஒரு தடவையில் முடியாது, இடைவெளி விட்டு மறுபடி போக வேண்டியிருக்கும்.

விளம்பரங்களில் யாரும் சொல்லாத விஷயம் இது: இடையில் கால் முன்பைவிட மோசமாகத் தெரியும். ஊசி போட்ட கோட்டின் வழியிலேயே பழுப்புக் கறை விழலாம். வெளியே கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்துதான் அந்தக் கறை. பெரும்பாலும் ஓராண்டுக்குள் மங்கிவிடும், ஆனால் அதுவரை இருக்கும். சிலருக்கு ஊசி போட்ட இடத்தைச் சுற்றி, சிவந்து, முன்பைவிட மெல்லிய புதிய கோடுகள் கூட்டமாக வரும். அதுவும் பலருக்குத் தானே மறையும். தோல் புண்ணாவது, ஒவ்வாமை, காலில் ரத்தம் உறைவது இவை அரிது. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால், ஒற்றைத் தலைவலி இருந்தால், கேட்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காலுக்கு லேசர் கிடையாதா? உண்டு. ஊசி நுழையாத அளவுக்கு மெல்லிய கோடுகள், ஊசி என்றாலே நடுங்குகிறவர்கள், மருந்து ஒவ்வாதவர்கள், இவர்களுக்கு உதவும். ஆனால் கால் குழாய்கள் ஆழத்தில் இருக்கின்றன, சுவரும் தடிமன், நிற்கும்போது உள்ளே அழுத்தமும் அதிகம். அதனால் கூடுதல் சக்தி வைக்க வேண்டும், வலியும் கூடுதல். என்னைக் கேட்டால் காலுக்கு ஊசிதான்.

முகத்தில் கதை தலைகீழ். மூக்கோரம், கன்னம் இங்கெல்லாம் ஊசியைத் தவிர்ப்பார்கள். முகத்து ரத்தக் குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகிற குழாய்களுக்கும் இணைப்பு உண்டு, மருந்து அந்தப் பக்கம் போனால் பார்வைக்கே ஆபத்து. அதனால் இங்கே ஒளிதான். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை: சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சுகிற நிறத்தில், மிகக் குறுகிய நேரம் ஒளியைப் பாய்ச்சினால் குழாய் மட்டும் வெந்து, சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். ஒளியின் அலைநீளத்தை வைத்து லேசர்களில் 532 நானோமீட்டர் கேடிபி, 595இல் பல்ஸ்டு டை, 1064இல் என்டியாக், அப்புறம் லேசர் அல்லாத, பல அலைநீள ஒளியைச் சேர்த்துப் பாய்ச்சுகிற ஐபிஎல் என்று வகைகள். பல்ஸ்டு டை போட்டால் ஓரிரு வாரம் முகத்தில் கன்றிப்போன மாதிரி ஊதாத் திட்டு நிற்கலாம், கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் உட்காராதீர்கள்.

மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். தோலுக்கு நிறம் தருகிற மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். 532, ஐபிஎல் இரண்டிலும் சூட்டுக்காயமும், கறுத்த அல்லது வெளுத்த திட்டும் விழ வாய்ப்பு அதிகம். 1064 ஆழமாகப் போகும், மெலனின் அதை அவ்வளவாக எடுக்காது, அதனால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. எந்த அலைநீளம் என்று கேளுங்கள். காதோரத்தில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் காத்திருக்கச் சம்மதிக்காத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சிவப்பழகு என்று பூசுகிற சில க்ரீம்களில் பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, முகமெல்லாம் இந்தக் கோடுகள் வரும். அதை நிறுத்தாமல் லேசர் போடுவது பணத்துக்குப் பிடித்த தண்டம். ஆனால் சட்டென்று நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், டாக்டர் சொல்கிறபடி குறையுங்கள். ரோசேசியா என்கிற, முகம் சிவக்கும் தோல் நோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான், முதலில் நோய், அப்புறம் கோடு. அதற்குத் தருகிற பிரிமோனிடின் ஜெல் சிவப்பைச் சில மணி நேரம் அடக்கும், கோட்டைப் போக்காது. வைட்டமின் கே க்ரீம் பூசியும் கோடுகள் போகாது.

நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து சுற்றிலும் கால்கள் என்று முகத்திலோ மார்பிலோ இருந்தால், புள்ளியை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்துவிட்டு நடுவிலிருந்து மறுபடி நிறைந்தால் அது வேறு வகை, ஸ்பைடர் ஆஞ்சியோமா. ஒன்றிரண்டு இருந்தால் சாதாரணம். திடீரென்று நிறைய வந்தால் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஸ்டாக்கிங்ஸை அளவெடுத்து வாங்குவது, சுருக்கமில்லாமல் மாட்டுவது, அதுவே ஒரு தனி வித்தை. அடுத்த வீடியோவில் மாட்டியே காட்டுகிறேன்.