பசி ருசி அறியாதா?

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பாம்பனிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் ஜமாத் பெரியவர்களே, விசைப்படகுச் சங்கத்தாரே, நாட்டுப்படகுச் சங்கத்தாரே (இரண்டு தரப்பையும் ஒரே மேடையில் பார்த்ததே எனக்குப் பொன்னாடை), தலைமையாசிரியை அவர்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, வணக்கம். மைக் செட் தம்பியை யாரும் குறிப்பிடவில்லை, அவருக்கும் வணக்கம்.

"பசி ருசி அறியாது." இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். இன்றைக்குத் தலைப்பே அதுதான். அனோரெக்ஸியா, அளவு மீறித் தின்றுவிட்டு வாந்தியெடுத்து வெளியேற்றப் பார்க்கிற புலிமியா மாதிரியான சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு ருசி எப்படித் தெரிகிறது? நாக்கு, மூளை, பல் என்று மூன்றாகப் பேசுகிறேன்.

முதலில் நாக்கு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தெரியும். ஐந்தாவதை 1908-ல் ஜப்பானில் இகேடா என்கிற வேதியியல் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்து உமாமி என்றார். நம் மாசிக் கருவாட்டுக்கு இருக்கிற ருசியும் அதுதான். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிற நோய் அனோரெக்ஸியா. அதில் சிலருக்கு ருசியைப் பிரித்தறிவது மங்குகிறது. உடம்பில் துத்தநாகம் குறைந்தாலும் மங்கும். எடை தேறினால் பலருக்குத் திரும்பவும் வருகிறது. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலில் சர்க்கரையையும் கொழுப்பையும் பல அளவில் கலந்து கொடுத்துப் பார்த்தபோது, இனிப்பை அவர்கள் அவ்வளவாக வெறுக்கவில்லை, கொழுப்பைத்தான் ஒதுக்கினார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற கீழக்கரைத் துதலை வைத்தால் என்ன செய்வார்களோ!

மூளைக்குப் போகுமுன் ஒரு வீட்டுக் கதை. ஊர் பெயர் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவீர்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. ஏப்ரல் 15-ல் தொடங்குகிற மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருக்கிறார். அப்போதுதான் கவனிக்கிறார், பிள்ளை சோற்றைப் பிசைகிறாள், வாய்க்கு எதுவும் போகவில்லை. அப்பத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டது: "நாக்குச் செத்துப்போச்சு." மறுநாள் மிளகு ரசம். அடுத்த நாள் மாங்காய் ஊறுகாய். அப்புறம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். அப்புறம் மளிகைக்கடையில் போய், "ஒன் உப்புல ஒரு கரிப்பும் இல்ல" என்று சண்டை. வாலிநோக்கத்திலிருந்து கல்லுப்பு வந்து இறங்கியது. கடைசியில் மீன்காரம்மாவைப் பிடித்துக்கொண்டது: "ஐஸ் மீனக் குடுத்து எம்பேத்தி நாக்கக் கெடுத்திட்டியே!" அந்தம்மா சும்மா விடுமா? "ஆத்தா, அது போன மாசம் ஒம்மகன் போட்டுல எறங்குன மீனு!"

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க போனில் சமையல் வீடியோ பார்க்கிறாள். தம்பிக்கு ஆம்லெட் போட்டு, அவன் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அப்பத்தா வைத்த குழம்பை விரலில் தொட்டு, "உப்புக் கூட" என்கிறாள். கூடத்தான் இருந்தது. செத்த நாக்கா அது? பள்ளி பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் ராமநாதபுரம் கொண்டுபோனார்கள். நாடித் துடிப்பு ரொம்பக் குறைவு. அங்கே ஒரு டாக்டரம்மா, "எடை கூடிரும்னு பயமா இருக்காம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பிள்ளை உடைந்து அழுதுவிட்டாள்.

அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1944, 45-ல் 36 ஆரோக்கியமான ஆண்களை, அவர்கள் சம்மதத்தோடு, அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் தட்டை நக்கினார்கள், உப்பையும் மசாலாவையும் அள்ளிக் கொட்டினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பசி ருசி அறியாதாம்! பட்டினிக்கு ருசியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அந்தப் பிள்ளையின் வீடியோக்களுக்கும் அதுதான் காரணம்.

இனி மூளை. நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். அனோரெக்ஸியாவிலிருந்து மீண்டவர்களுக்கு, ருசியைப் பதிவு செய்கிற இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிடக் குறைவாகவே கிளர்ந்தது. புலிமியாவிலிருந்து மீண்டவர்களுக்கு அதிகமாகக் கிளர்ந்தது. மீண்ட பிறகும் இப்படி! ஊறுகாய் மாற்றினால் தீருமா?

மனநோய்க்கு மருத்துவர் வேண்டும் என்றுதான் நான் ரொம்ப நாளாக எல்லா மேடையிலும் கேட்டு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. காப்பகம் தீப்பிடித்தபோது மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். அந்த மாவட்டத்துக்காரர்கள் நாம். நம் கடற்கரையில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒருநாளாவது மனநல மருத்துவர் வந்து உட்கார வேண்டும். பொம்பளைப்பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு ஆலோசகர் வேண்டும். ஊராட்சித் தலைவர் தலையாட்டுகிறார். தீர்மானமாகவே போட்டுவிடுங்கள் ஐயா. அதுவரைக்கும் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம், எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். பல் பாக்கி இருக்கிறது. அடுத்துப் பேசப்போகிறவர் பல் மருத்துவர், அவரே பார்த்துக்கொள்வார். மருத்துவரும் ஆலோசகரும் கேட்கிற கையெழுத்து நோட்டு வாசலில் சர்பத் கொடுக்கிற மேசையில் இருக்கிறது. கைநாட்டும் செல்லும்.