முடிவு தெரிந்தால் சுவை குறையுமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, பினாங்குத் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். "கதையின் முடிவை முன்னரே அறிவது சுவையைக் கூட்டுமா, குறைக்குமா?" என்னும் தலைப்பில், கூட்டும் என்று வாதிட வந்திருக்கிறேன். முடிவு தெரிந்த கதை சாறு பிழிந்த கரும்புச் சக்கை என்றார் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர். அப்படியானால் சிலப்பதிகாரத்தை நாம் அதன் முன்னுரைப் பாடலான பதிகத்தோடு மூடி வைத்திருக்க வேண்டும்.

கோவலன் பொருளிழந்ததும், சிலம்பு விற்க மதுரை சென்றதும், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுப் பாண்டியன் அவனைக் கொல்வித்ததும், கண்ணகி மதுரையை எரித்ததும் பதிகத்திலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. 30 பகுதிகளின் பெயர்களும் அங்கே வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயரே கொலைக்களக் காதை. பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பாரும் உண்டு. சேர்த்தவர் யாராயினும், கதையைச் சொல்லிவிட்டுக் காப்பியத்துக்குள் அழைத்துச் செல்வதில் அவருக்கு எந்த அச்சமும் இருக்கவில்லை.

அந்தக் கொலைக்களக் காதையில் கண்ணகி ஆயர் மனையில் கணவனுக்காகச் சமைக்கிறாள். அரிவாளில் காய் நறுக்கி மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்கள் சிவக்கின்றன. வாழைக் குருத்தை விரித்து, "அமுதம் உண்க அடிகள்" என்கிறாள். முடிவு அறியாதவர் அடுத்து என்ன என்று இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவார். அவன் எழுந்து சிலம்போடு கடைத்தெருவுக்குப் போனால் திரும்ப மாட்டான் என்று அறிந்தவருக்கோ, அந்த இலையை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக உளவியலாளர்கள் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 12 சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தபோது, முடிவை முன்பே அறிந்தவர்களே சராசரியாகக் கூடுதலாக ரசித்தார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறாகச் சொன்னதையும் மறைக்க மாட்டேன். ஆகவே என் வாதத்தை எண்களின்மேல் நிறுத்தவில்லை. திடீர்த் திருப்பம் தரும் அதிர்ச்சியையும் நான் மறுக்கவில்லை. கேளாதவர் காதில் முடிவைப் போடுவது தவறு என்பதிலும் எதிரணியோடு உடன்படுகிறேன். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்பவரைச் சுவையறியாதவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

என் அம்மாவை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். அப்பா மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அப்பா வீடு திரும்பவில்லை. அதன்பின், முடிவு தெரியாமல் காத்திருப்பது, படமே ஆனாலும், அம்மாவால் தாங்க முடியாததாகிவிட்டது. அதனால் திரையரங்குக்குப் புறப்படும் முன் தம்பியிடம், "கடைசியில யாராவது செத்துப் போறாங்களாய்யா?" என்று கேட்டுவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு படத்துக்கு மூவரும் போனோம். தம்பி ஏற்கெனவே பார்த்திருந்ததால், மகன் இறந்துவிடுவான் என்று அம்மாவிடம் சொன்னான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். படம் முடிந்து பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெரியில் அம்மா என்னிடம் கேட்டார்: "அந்தப் பையன் வெளிய கிளம்புறப்போ அப்பாவோட செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போறான்ல, அதை அவன் அம்மா பார்த்துட்டும் ஒண்ணும் சொல்லாம நின்னாங்களே, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றத்தில் என் கண் அவன் முகத்தை விட்டு இறங்கவே இல்லை. அச்சம் தீர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் அந்தத் தாய் நின்ற நிலை தெரிந்திருக்கிறது.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளர் அந்தச் செருப்புக்கு விடை சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.