இந்த எண்ணை வேறு எது மாற்றியிருக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் தேடுவது, நட்சத்திரக் குறி போட்ட எண்ணைத்தான். அப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மருத்துவரைப் பார்க்கும் வரை தூக்கம் வராது. சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு என்று உடம்புக்குள் நடப்பதை வெளியே காட்டும் இந்த அளவுகளை ஆராய்ச்சியாளர்கள் பயோமார்க்கர் என்பார்கள். இவற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த நட்சத்திரம். ரிப்போர்ட்டில் ஓரமாக 'இயல்பான அளவு' என்று இரண்டு எண்கள் இருக்கும். பல பரிசோதனைகளில், நோய் இல்லாத நிறையப் பேரின் ரத்தத்தைச் சோதித்து, நடுவில் வருகிற 95 சதவீதம் பேரின் அளவைத்தான் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேரும் நோய் இல்லாதவர்கள்தானே! இருபது பேரில் ஒருவர் நல்ல உடம்போடு இருந்தும் நட்சத்திரம் வாங்குவார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், ஆரோக்கியமான ஒருவருக்கு ஏதாவது ஒன்றிலாவது நட்சத்திரம் விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு.

சரி, எண் நிஜமாகவே எல்லை தாண்டியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த எண்ணை வேறு எது மாற்றியிருக்கும்?

'மூன்று மாத சர்க்கரை' என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகும். ஒட்டியிருப்பதை அளந்து, 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்கிறோம். ஆனால் அந்த எண்ணில் சர்க்கரை மட்டும் இல்லை, சிவப்பணுவின் வயதும் சேர்ந்தே இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவருக்கு, சர்க்கரை கூடாமலே இந்த எண் கொஞ்சம் ஏறலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்கும் இறங்கிக் காட்டலாம். என் உறவுக்காரப் பெண்ணுக்கு 6.6 வந்து, வீடே இனிப்பை நிறுத்திவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ சரியாக இருந்தது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 8. அவருடைய மருத்துவர் முதலில் சோகைக்கு மருந்து கொடுத்தார். சில மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த 6.6 தானாகவே 6-க்குக் கீழே வந்திருந்தது.

இது ஒரு ஆளின் கதை. நாட்டையே இப்படி அளக்கும்போது என்ன ஆகிறது? என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காவது சுற்றில், அதாவது 2015-16இல், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் அது 57 ஆனது. குழந்தைகளில் 59 சதவீதம் 67 ஆனது. இரும்பு மாத்திரை இவ்வளவு கொடுத்தும் சோகை கூடுகிறதா என்று நாடே கவலைப்பட்டது. கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த ரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? விரல் நுனியிலிருந்து.

கர்ப்பிணிகளுக்கு விரலில் குத்தி ஒரு துளி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகாம்களில் நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். கை சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. வராவிட்டால் விரலைப் பிழிவார்கள். பிழிந்தால் தசைக்குள் இருக்கும் நீரும் சேர்ந்து வரும், ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். விரலைச் சூடாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, பிழியாமல் எடுக்க வேண்டும். வெயிலில் வீடு வீடாகப் போகும் பணியாளர் ஒவ்வொரு விரலிலும் இதை ஒரே மாதிரி செய்வது லேசான காரியமா? அவரைக் குறை சொல்லவில்லை. முறையே அப்படி.

அரை கிராம் குறைந்தால் என்ன என்று தோன்றும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்று கணக்கு. நம் பெண்களில் நிறையப் பேருடைய அளவு அந்த 12-ஐ ஒட்டியே இருக்கிறது. அங்கே அரை கிராம் நகர்ந்தால் ஒரு பெருங்கூட்டமே கோட்டைத் தாண்டி விழுந்துவிடும். 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, ஆய்வகக் கருவியில் சோதித்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்குத்தான் சோகை என்று வந்தது. வயது வரம்பு சற்று வேறுதான். இருந்தாலும் வித்தியாசம் அவ்வளவு பெரியது. உலக சுகாதார நிறுவனமும் 2024இல் நரம்பு ரத்தத்தையே பரிந்துரைத்தது.

சோகை பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 41 சதவீதமும் நெஞ்சை வலிக்கச் செய்யும் எண்தான். ஆனால் ஐந்து வருடத்தில் கூடியதா குறைந்ததா, மாத்திரை வேலை செய்கிறதா என்று முடிவெடுக்க வேண்டுமானால், மாறியது பெண்களின் ரத்தமா, எடுத்த விதமா என்று தெரிந்தாக வேண்டும். மறுபடியும் அதே கேள்விதான். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இப்படித்தான். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது தானே ஏறி, இரும்பு இல்லாதவரையும் இருப்பவராகக் காட்டும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் கூடவே அளக்கிறார்கள்.

நேரம் முடியப் போகிறது என்று கை காட்டுகிறார்கள். அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணைச் சரிசெய்தால் நோயாளி பிழைப்பாரா? மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பித் துடித்தால் இறக்கும் ஆபத்து அதிகம். எனவே அந்தத் துடிப்பை அடக்கும் மருந்துகள் கொடுத்தார்கள், ஈசிஜியும் அழகாகச் சரியானது. அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு தொடங்கி, 1989இல் இரண்டு மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஏறத்தாழ 750 பேர் கொண்ட இரு குழுக்களில், மருந்து எடுத்தவர்களில் 63 பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். நல்ல கொழுப்பை ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தும் இறப்பு கூடியதால் 2006இல் கைவிடப்பட்டது.

கடைசியாக ஒன்று, உடனே பயன்படும். முடி வளரப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில், தைராய்டு அதிகமாகச் சுரப்பது போன்ற பொய்யான முடிவு வரும். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்வார். நன்றி, வணக்கம்.