நாயகிகளை முந்திய ஆசிரியை

நேயர்களுக்கு வணக்கம். 'பெண் எழுத்தில் சுய அடையாளத் தேடல்' என்று நிலையத்தார் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் நேரே கதாநாயகியிடம் போய்விடுவார்கள். அவள் படி தாண்டினாளா, தாலியைக் கழற்றினாளா, வேலைக்குப் போனாளா என்று கேட்பார்கள். எனக்கென்னவோ, கதையை எழுதியவளிடம் முதலில் போகலாமே என்று படுகிறது. நாவலாசிரியை வை.மு. கோதைநாயகியிடம் போவோம்.

1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும் 'வை.மு.' கூடப் புகுந்த வீட்டு எழுத்துதான். திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளைகளுக்கு இட்டுக்கட்டிக் கதை சொல்வதில் கெட்டிக்காரர். கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துப் போவாராம். பார்த்துப் பார்த்து இவர் மனத்திலும் ஒரு நாடகம் உருவாகிவிட்டது. ஆனால் அதைத் தாமே எழுதக் கை வரவில்லை. பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுத, இவர் வாயால் சொல்லிக்கொண்டே போனார். 'இந்திர மோகனா' அப்படிப் பிறந்து 1924-இல் அச்சேறியது. எழுதப் பழகியதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அடுத்த வருஷமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி ஆசிரியராக உட்கார்ந்துவிட்டார்! நெடுங்காலம் அதை விடவில்லை. 1960-இல் கண்மூடினார். 115 நாவல்கள் எழுதினார். மேடையில் பேசினார், பாடினார், சுதந்திரப் போராட்டத்தில் மறியல் செய்து சிறைக்கும் போனார். சிறையிலும் நாவல் எழுதினார்.

இவ்வளவு செய்தவருடைய நாயகிகள் எப்படி இருக்கிறார்கள்? நான் படித்தவரை, பெரும்பாலும் குணவதிகள். அடி வாங்கி, அழுது, பொறுத்து, கடைசியில் நல்ல கதி அடைகிறவர்கள். பெண் கல்வி, விதவை மறுமணம் எல்லாம் அவர் கதைகளில் வரும்தான். ஆனாலும் அவரைப்போல ஒரு பத்திரிகையைத் தூக்கி நிறுத்துகிற பெண்ணை நான் அங்கே பார்க்கவில்லை. இதை வைத்தே விமரிசகர்கள் அவரைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று ஓரங்கட்டினார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அன்றைய வீடுகளில் பெண்கள் எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் ஆண்கள். குணவதி நாயகி இருந்தால்தான் பத்திரிகை வாசற்படி ஏறும். அந்த நாயகி ஒருவகையில் அனுமதிச் சீட்டு. ஆசிரியை தம் காரியத்தைப் பக்கங்களுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

எழுத்தாளர் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதை அதே பெயருள்ள தொகுப்பில் வந்தபோது, 1988-இல், அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம், வெளிச்சம் குறைந்த அடுப்படி. தன் ராஜ்யம் என்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாமியாரிடம் மருமகள் மீனாட்சி பேசுகிறாள். இன்றைக்கு என்ன சமைப்பது என்று யோசித்தே தீர்ந்துபோகாத மனசாக இருந்திருந்தால், எதையாவது கண்டுபிடித்திருக்கலாம், கப்பலேறிப் போயிருக்கலாம், படம் வரைந்திருக்கலாம் என்கிறாள். கதாபாத்திரமே வாய் திறந்து சொல்கிற காலம் அது. கோதைநாயகி அதற்கு அறுபது வருஷம் முன்பே, அப்படியொரு பேச்சைத் தம் நாயகிகள் வாயில் வைக்காமல், காரியத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.