சிறு பாய்மரப் படகுக்கு ஒரு சாரல் மறைப்பு

நேயர்களுக்கு வணக்கம். எட்டு மீட்டருக்கும் குறைவான பாய்மரப் படகில் சிங்கப்பூரிலிருந்து தியோமான் தீவுக்குச் செல்ல நினைப்பவர்கள் பாயைப் பற்றியும் நங்கூரத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள்; கேபினுக்குள் இறங்கும் வாசலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தென்சீனக் கடலில் வடக்கே திரும்பியதும், அதுவும் வடகிழக்குப் பருவக்காற்று எதிர்முகமாக வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மோதிச் சிதறும் அலையின் நீர் கூரையைக் கடந்து நேராக அந்த வாசலுக்குத்தான் வந்து சேர்கிறது. சிறு படகுகளில் வானொலிக் கருவி, மின்சுவிட்சுகள், கடல்வரைபடம், அடுப்பு எல்லாம் வாசற்படியை ஒட்டியே இருக்கும். அவற்றையும், சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பவரையும் காப்பதற்காகக் கேபின் கூரையின் பின்முனையில் பொருத்தப்படும் மடக்குத் துணி மறைப்பைப் படகோட்டிகள் ஸ்பிரே ஹூட் என்பார்கள். நாம் அதைச் சாரல் மறைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அதை வடிவமைப்பது எப்படி என்பதே இன்றைய உரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு படகின் சாரல் மறைப்பு தாழ்வாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அதன் வழியாக அல்ல, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். மறைப்பு தைக்கச் சொல்லும் பலரும் வாசலில் நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும் என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு மீட்டர் படகில் அது நடக்கும். சிறு படகில் அந்த உயரம் வந்துவிட்டால், சுக்கான் பிடிப்பவர் எந்நேரமும் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகத்தான் முன்னே பார்க்க முடியும். உப்புநீர் காய்ந்து படிந்த ஜன்னலில் பகலிலேயே பார்வை மங்கும். இரவில் எதிரே வரும் விளக்குகள் எல்லாம் கலங்கிப் போகும். உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்றான சிங்கப்பூர் நீரிணையில், தெப்பத்தை நீண்ட வடத்தில் கட்டி இழுத்துச் செல்லும் இழுவைப் படகை அப்படிப்பட்ட ஜன்னல் வழியாக அடையாளம் காண வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

ஆகவே அளவெடுக்கும் வேலையை வாசலிலிருந்து அல்ல, கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய கண், இருக்கைப் பலகையிலிருந்து ஏறக்குறைய 70 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். படகில் வழக்கமாக வருபவர்களில் யார் குள்ளமோ, அவரைச் சுக்கானருகே உட்காரவைத்து அளவெடுங்கள். இன்னொருவர் கேபின் கூரைமேல் துடைப்பக் கம்பு ஒன்றைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு மெதுவாக உயர்த்தட்டும். ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களே இதற்குப் போதுமான அடையாளம். "இன்னும் கொஞ்சம் இறக்குங்க அண்ணே, கப்பல் தண்ணியத் தொடுற இடம் தெரியல" என்று உட்கார்ந்திருப்பவர் சொல்லிக்கொண்டிருக்கும் வரை கம்பு மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். கப்பலின் நீர்க்கோடு முழுதாகத் தெரியும் நிலையில் கம்பை நிறுத்தி, அதிலிருந்து ஒரு சாண் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவே மறைப்பின் மேல்விளிம்பு. இருக்கையிலிருந்து கூரை 35 சென்டிமீட்டர் உயரம் என்றால், மறைப்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். போதுமா என்று கேட்பார்கள். சாரல் பெரும்பாலும் கூரையை ஒட்டித் தாழ்வாகவே பறந்து வருகிறது; மறைப்பின் பின்னால் முதுகைச் சாய்த்து உட்கார்பவருக்கு அந்த உயரம் போதும். உள்ளே இறங்குபவர் வாசலின் நழுவு மூடியை முழுவதும் முன்னே தள்ளிவிட்டு, முகத்தைப் பின்பக்கம் திருப்பி, குனிந்து இறங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

தாழ்வாக இருப்பதன் இன்னொரு நன்மையைக் கணக்குப் போட்டே காட்டலாம். விடியலுக்கு முன் மேற்கிலிருந்து திடீரென வந்து இறங்கும் சுமத்ரா புயல்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. 80 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 30 கிலோ எடையளவு விசையோடு தள்ளும். 1.2 மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட உயரமான ஒரு மறைப்பின்மேல் அது 18 கிலோதான். நல்ல தையலும் குழாய்ச் சட்டமும் எளிதாகத் தாங்கும். ஆனால் கடல்நீர் காற்றைவிட ஏறக்குறைய 850 மடங்கு அடர்த்தியானது. உடைந்து விழும் அலையின் நீர் வினாடிக்கு வெறும் ஐந்து மீட்டர் வேகத்தில் அதே மறைப்பில் மோதினால், விழும் விசை முக்கால் டன்னுக்கும் அதிகம். எந்தத் துணியும் எந்த மெல்லிய குழாயும் அதைத் தாங்குமென்று எதிர்பார்க்க முடியாது. உயரத்தைப் பாதியாக்கினால் இந்த விசையும் பாதியாகிறது.

எனவே வடிவமைப்பவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான். துணியோ ஜிப்போ முதலில் பிய்ந்து போகட்டும், பரவாயில்லை. சட்டத்தின் கால்கள் கூரைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு போனால் கடல் உள்ளே வர ஓட்டை கிடைத்துவிடும். கால்களை மரத்திருகாணியால் முடுக்கக் கூடாது. கூரையைத் துளைத்துப் போல்ட் போட்டு, உள்பக்கம் அகலமான தகடு வைத்து இறுக்க வேண்டும். காக்பிட்டிலிருந்து, அதாவது படகோட்டி உட்காரும் பள்ளத்திலிருந்து, பக்கத் தளத்துக்குச் செல்பவர் தடுமாறும்போது கைக்கு முதலில் அகப்படுவதும் அந்தச் சட்டந்தான். ஆள் எடை முழுவதையும் அது தாங்கியாக வேண்டும். வானிலை மிக மோசமாகும்போது ஒரே ஆள், ஒரு நிமிடத்துக்குள், மறைப்பை முன்பக்கம் மடக்கிக் கட்டிவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முன்பின் வார்களின் கொக்கிகளை ஈரக் கையால் கழற்ற முடிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாரல் மறைப்பு, கேபின் வாசலை அடைக்கச் செருகும் வாசற்பலகைகளுக்கு மாற்று ஆகாது. 1979ஆம் ஆண்டு பாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் சிக்கிப் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். கவிழ்ந்த படகுகள் சிலவற்றில் வாசற்பலகைகள் கழன்று விழுந்து நீர் உட்புகுந்தது தெரியவந்தது. மேல்மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பலகைகள் தாமாகவே கழன்றுவிடாதபடி பூட்டும் வசதி இருக்க வேண்டும், ஒவ்வொரு பலகையும் படகோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இன்றைய கடற்பந்தய விதிகள் சொல்வதைப் பந்தயத்துக்குப் போகாதவர்களும் பின்பற்றலாம்.

பலரும் கவனிக்காத இடம் மறைப்பின் முன்னடி. கூரைமேல் ஓடிவரும் நீர் துணியின் கீழ்விளிம்புக்கும் தளத்துக்கும் இடையில் புகுந்து வாசலுக்குள் கொட்டும். மேலே எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பயனிராது. அதற்காக ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரத் தடுப்பைக் கூரையில் ஒட்டி, போல்ட் போட்டு, துணியின் விளிம்பை அந்தத் தடுப்பின் முகப்பில் திருகிய அலுமினியப் பள்ளத்தில் கோத்துவிட வேண்டும். அழுத்துப் பொத்தான்களை அங்கே நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். பாயை ஏற்றும் கயிறுகளும் சுருக்கும் கயிறுகளும் கூரைவழியே பின்னால் வரும் படகாக இருந்தால், ஒவ்வொரு கயிற்றுக்கும் தடுப்பில் தனித்தனித் துளை வேண்டும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான விஞ்சின் கைப்பிடி வழக்கமாக 25 சென்டிமீட்டர் நீளம்; அது சட்டத்தில் இடிக்காமல் முழுவட்டம் சுற்றுகிறதா என்பதைக் குழாயை வளைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பான பூம் மிகத் தாழ்ந்து வரும் நிலையில் மறைப்பைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர் 1960ஆம் ஆண்டு நடந்த முதலாவது தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் ஓட்டிய ஜெஸ்டர் என்ற சிறு படகை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கூரை நடுவில் வட்டமான ஒரு திறப்பை வைத்து, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டும்படி சுழற்றக்கூடிய மடக்கு மறைப்பை அதன்மேல் பொருத்தினார். பாய் வேலையை அங்கே நின்றபடியே செய்தார். மறைப்பை அவர் படகின் அழகுக்காக அல்ல, மனிதரைச் சுற்றி வரைந்தார். எனக்கு அது இன்றும் பாடம்.

நம் ஊருக்கு உரிய தேவை ஒன்றும் உண்டு. குளிர்நாட்டு மறைப்பைப் படி எடுத்துத் தைத்தால் கேபின் அடுப்பாகிவிடும். முன்பக்க நடுத்துண்டை இரு ஜிப்புகளால் பிரித்துச் சுருட்டிக் கட்டும்படி அமைத்தால் காற்று நேராக வாசலுக்குள் பாயும். ஜொகூர் நீரிணையில் நங்கூரமிடும்போது நீரோட்டம் படகைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்திவிடும், மழை பக்கவாட்டில் அடிக்கும். அதற்குப் பக்கத் துணிகள் சற்றே பின்னோக்கி நீளட்டும்.

துணி, சட்டம் பற்றிச் சுருக்கமாக: நிறமேற்றிய இழையில் நெய்த அக்ரிலிக் துணியும், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் போதும். பூமத்தியரேகையை ஒட்டிய நம் வெயிலில் துணிக்கு முன்பே நூல்தான் மக்கும். ஆகவே விலை கூடினாலும் வெயிலில் மக்காத பிடிஎப்இ நூலைக் கேளுங்கள். தேக்கா நிலையத்தின் மேல்மாடித் தையற்கடைகளில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்தத் தடிமனுக்குப் பாய் தைக்கும் கனரக இயந்திரம் வேண்டும்.

விலையுயர்ந்த துணியை வெட்டுவதற்கு முன், ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும் மின்கம்பிக் குழாயையும் தடித்த பிளாஸ்டிக் தாளையும் கொண்டு முழு அளவில் மாதிரி ஒன்றைக் கட்டுங்கள். அதைப் படகில் வைத்துக்கொண்டு இறங்கி ஏறுங்கள், விஞ்சைச் சுற்றுங்கள், சுக்கானருகே உட்கார்ந்து பாருங்கள், நீர்க்குழாயை அணியத்திலிருந்து பின்நோக்கிப் பீய்ச்சச் சொல்லி உள்ளே எங்கே ஒழுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளையெல்லாம் திருத்திய பிறகு, அதே பிளாஸ்டிக் தாளைப் பிரித்துத் தையற்காரரிடம் வெட்டு வடிவமாகக் கொடுத்துவிடலாம். நன்றி, வணக்கம்.