டக்ட் டேப்பை டக்ட்டில் ஒட்டாதீர்கள்!

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கும் இந்தச் சாம்பல் நிறச் சுருளின் பெயர் டக்ட் டேப். டக்ட் என்றால் காற்றுக்குழாய். ஆனால் குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸின் காற்றுக்குழாயில் இதை ஒட்டவே கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். சூடு வீணாகி எரிவாயுக் கட்டணம் கூடுவது சிறிய விஷயம். இரவில் தூங்கப் போனவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போகக்கூடும்.

[காட்சி: ஃபர்னஸின் குறுக்குவெட்டுப் படம்]

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். ஃபர்னஸுக்குள் இரண்டு பாதைகள். நாம் சுவாசிக்கும் காற்று, அறைகளிலிருந்து ஃபர்னஸுக்குத் திரும்பி வரும் ‘திரும்பு குழாய்’ வழியாக வந்து, வெப்பமாற்றி என்ற உலோகக் கூட்டின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடாகி, அறைகளுக்குப் போகிறது. எரிந்த புகை, அதே வெப்பமாற்றியின் உட்புறமாக ஓடிப் புகைக்குழாயில் வெளியேறுகிறது. இரண்டும் கலக்கவே கூடாது. அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1943, இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் வெஸ்டா ஸ்டவுட். அவருடைய மகன்கள் கடற்படையில் இருந்தார்கள். தோட்டாப் பெட்டிகளைக் காகித டேப்பால் ஒட்டி மெழுகில் முக்கினார்கள். பிரிப்பதற்காக விட்ட நுனியை இழுத்தால் அது கையோடு கிழிந்து வந்தது. எதிரி சுடும்போது பெட்டியோடு மல்லுக்கட்ட முடியுமா? துணியில் வலுவான டேப் செய்யலாம் என்று படம் வரைந்து, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார் அந்தத் தாய். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதைத் தயாரித்தது. அதாவது, இந்த டேப் பிறந்தது தோட்டாப் பெட்டிக்காக. போர் முடிந்த பிறகுதான் தகரக் குழாய்களில் ஏறியது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒட்டியது, டேப் ஒட்டவில்லை! 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் ஆய்வாளர்கள் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை டேப்புகளையும் பூச்சுகளையும் குழாய் இணைப்புகளில் ஒட்டி, சூட்டிலும் குளிரிலும் மாறிமாறி வாட்டிப் பார்த்தார்கள். தோற்றுப்போனது துணி டக்ட் டேப். அதன் ரப்பர் பசை சூட்டில் காய்ந்து, சுருங்கி, உரிந்துவிடுகிறது. புதிதாக ஒட்டிய அன்று இரும்பைப் போலப் பிடித்திருக்கும். அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

சரி, எதைப் பயன்படுத்துவது? வட்டக் குழாயின் இணைப்பை முதலில் சுற்றிலும் மூன்று திருகாணிகளால் இறுக்குங்கள். இணைப்பைத் தாங்க வேண்டியது திருகாணி. காற்றை அடைப்பது மட்டுமே பூச்சின் வேலை. அதன் மேல் மாஸ்டிக் எனும் குழைவான அடைப்புப் பசையைத் தூரிகையால் தாராளமாகப் பூசுங்கள், அல்லது காற்றுக்குழாய்களுக்கான தரமுத்திரையான ‘யூஎல் 181’ உள்ள அலுமினிய டேப்பைத் தூசி துடைத்த பரப்பில் தேய்த்து ஒட்டுங்கள். என் ஓட்டு மாஸ்டிக்குக்கு. கையுறை கட்டாயம், தகர விளிம்பு கத்தியைவிட மோசமாக வெட்டும்.

[காட்சி: திரும்பு குழாயில் ஒரு விரிசல்]

இனி உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. தயவுசெய்து தள்ளிவிடாமல் பாருங்கள். அறைக்குப் போகும் குழாய் ஒழுகினால் சூடு வீணாகும். திரும்பு குழாய் ஒழுகினால் கதையே வேறு. அது உறிஞ்சும் குழாய். ஃபர்னஸ் இருக்கும் மூடிய சிறு அறையில் அது ஒழுகினால், அந்த அறையின் காற்றையே இழுத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். பழைய வகை ஃபர்னஸிலும் பக்கத்தில் இருக்கும் எரிவாயு வாட்டர் ஹீட்டரிலும் புகை மேலே போவது வெறும் சூட்டின் பலத்தில்தான். எதிரே, திரும்பு குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் ஃபர்னஸின் மோட்டார் விசிறி. இழுபறியில் யார் ஜெயிப்பார்? புகை கீழே இறங்கி, திரும்பு குழாயில் நுழைந்து, படுக்கையறை வரை போய்ச் சேரும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். எரிவாயு கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றம் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். ஆகவே ஃபர்னஸைச் சுற்றியுள்ள இணைப்புகளில் திரும்பு குழாயின் பக்கத்தை முதலில் அடைத்துவிடுங்கள். ஃபர்னஸ் இருக்கும் அறையிலேயே திரும்பு குழாய்க்குக் காற்றை இழுக்கும் திறப்பு வைக்காதீர்கள். படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள். வெளிக்காற்றிலேயே எரியும் மூடிய வகை ஃபர்னஸில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆனாலும் கருவி இருக்கட்டும்.

குழாய் குறுகலாக இருந்தால் வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி நிறுத்தும். சுவிட்சைத் தாண்டி வயர் போடாதீர்கள், குழாயை மாற்றுங்கள். வளையும் வகைக் குழாயைச் சுருக்கமில்லாமல் நன்றாக இழுத்துக் கட்டுங்கள். எரிவாயு இணைப்பையும் புகைக்குழாயையும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. எரிவாயு நாற்றம் கொஞ்சமும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கதவு, ஜன்னல்களை மூடி, வீட்டின் எல்லா வெளியேற்று விசிறிகளையும் ஃபர்னஸையும் ஓடவிடுங்கள். வாட்டர் ஹீட்டரைப் பற்றவைத்து ஐந்து நிமிடம் கழித்து, அதன் மேல் புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள கூம்பின் விளிம்பில் புகையும் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினால், எல்லாவற்றையும் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்து, உடனே தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை மறுபடி பற்றவைக்காதீர்கள்.