பானையில் இருப்பதும் பங்கில் வருவதும்

நேயர்களுக்கு வணக்கம். இந்தோனேசியாவின் சிற்றூர்களில் இயங்கும் இசுலாமியச் சிறு வங்கிகளில் பணம் போடுபவருக்குக் கிடைக்கும் தொகை, ஒரு மாதம் கூடியும் மறு மாதம் குறைந்தும் வருவதேன் என்பதைப் பற்றிப் பேசவிருக்கிறேன். அங்கு இவற்றைச் சுருக்கமாக 'பி.பி.ஆர்.எஸ்.' என்பார்கள், முதல் சில வங்கிகள் 1991இல் பாண்டுங் வட்டாரத்தில் தோன்றின.

ஜாவாவின் ஒரு சந்தையில், சோயா மொச்சையை வாழையிலையில் பொதிந்து தெம்பே விற்கும் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். அவர் தம் கணக்குப் புத்தகத்தை என்னிடம் விரித்துக் காட்டினார். ஒரு கோடி ரூபியா வைப்பு. ஆதாயத்தில் பாதி அவருக்கு, பாதி வங்கிக்கு. முந்திய மாதம் 50,000 ரூபியா வரவாகியிருந்த இடத்தில் அம்மாதம் 40,000தான் இருந்தது. "பாதிக்குப் பாதி என்ற பேச்சு மாறவில்லையே, தொகை மட்டும் ஏன் மாறியது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. 'நிஸ்பா' எனப்படும் பங்கு விகிதம் வட்டி வீதமன்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர் பணத்தைக் கொண்டு வங்கி ஈட்டியது மாதம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து 0.8 ஆக இறங்கியிருந்தது. அதில் பாதிதான் அந்த 40,000. அறுவடை முடிந்து உழவர்கள் கொண்டுவந்து போட்ட பணம் இன்னும் கடனாகப் போகாமல் சும்மா கிடந்தது. பந்தியில் இலைகள் கூடின, சோறு கூடவில்லை. அதோடு, தவணை தவறிய சில கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டிய ஆதாயமும் வரவில்லை. கடனாகச் சென்ற பணத்தின் அளவு, வாராக்கடனின் அளவு ஆகிய இவ்விரண்டுமே, என் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானவை.

மீண்டும் சொல்கிறேன், விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். நூற்றுக்கு 60 பங்கு தரும் வங்கி மாதம் 0.6 மட்டுமே ஈட்டினால், அதே ஒரு கோடிக்கு 36,000தான் கிடைக்கும். பாதிப் பங்கு பெற்ற அந்த அம்மையாருக்குக் குறைந்த மாதத்திலும் அதைவிடக் கூடுதலாகவே வந்தது.

வங்கியின் செலவும் இதில் மறைவாகப் புகுகிறது. செலவைக் கழிக்காமல் வருவாயையே பங்கிடுவது நல்லது என்று இந்தோனேசிய உலமா மன்றத்தின் தேசிய ஷரியா வாரியம் 2000இல் தீர்ப்புரைத்தது. ஆகவே சம்பளமும் வாடகையும் வைப்பாளரின் பங்கிலிருந்து நேராகப் பிடிக்கப்படுவதில்லை. ஆயினும் செலவு மிகுந்த வங்கி, தாராளமான விகிதத்தைத் தொடக்கத்திலேயே தர முன்வராது.

நேரம் நெருங்கிவிட்டதால் வெளிக்காரணங்களைச் சுருக்கிச் சொல்கிறேன். இவ்வங்கிகள் கொடுக்கும் கடனில் பெரும்பகுதி 'முராபஹா', அதாவது பொருளை வாங்கி, முன்னரே பேசிய ஆதாயத்தைச் சேர்த்துத் தவணைக்கு விற்பது. அந்த ஆதாயம் இடையில் மாறாது என்பதால், நாட்டில் வட்டி உயரும்போது வைப்பாளரின் பங்கு உடனே உயர்வதில்லை. பழைய தவணைகள் தீர்ந்து புதியவை சேரும் வரை அவர் காத்திருக்க நேர்கிறது. வணக்கம்.